மடக்கு ஸ்டூல்: பிளாட்பாரக் கடைசியில் எட்டு மாதம்

முதலில் விலை. ஒன்று 740 ரூபாய். ஐந்தாக வாங்கியதால் அனுப்பும் செலவு இல்லை. அலுமினியக் குழாயில் கத்தரி மாதிரி குறுக்கே போகும் கால்கள், மேலே பச்சைக் கேன்வாஸ். மடக்கினால் தட்டையாகிவிடும், கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம். எடை ஒன்றேகால் கிலோ, உயரம் 40 சென்டிமீட்டர். 120 கிலோ தாங்கும் என்று அட்டையில் அச்சடித்திருந்தது. அந்த 120 பற்றிப் பிறகு வருகிறேன்.

விளம்பரப் படத்தில் ஓர் இளைஞன் ஏரிக்கரையில் தூண்டில் போட்டபடி இதில் உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் ஐந்து பேரும் அறுபதைத் தாண்டியவர்கள்; ரயில் பார்ப்பதற்காக வாங்கினோம். "ரயிலில் கொண்டுபோகவா?" என்று வீட்டில் கேட்டாள். இல்லை, ரயிலைப் பார்க்க. "பார்க்கிறதுக்கு எதுக்கு ஸ்டூல், அதுதான் நிற்காமப் போயிடுமே" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்கும் கேள்விகளில் இதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். பிளாட்பாரத்தில் பெஞ்சு போட்டவர்கள் பயணிகளை நினைத்துப் போட்டிருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் எஞ்சின் போய் நிற்பது பயணிகள் நிற்கிற இடத்தில் இல்லை. எல்.எச்.பி. என்கிற புதுரகப் பெட்டிகள் 22 மாட்டிய வண்டி என்றால், பெட்டிக்குச் சுமார் 24 மீட்டர் வீதம், வாலிலிருந்து எஞ்சின் அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். அங்கே கூரை முடிந்திருக்கும், மின்விசிறி முடிந்திருக்கும், பெஞ்சு எப்போதோ முடிந்திருக்கும். திருச்சி ஜங்ஷனில் பத்து ரூபாய் பிளாட்பார டிக்கெட்டுக்கு இரண்டு மணி நேரம் உண்டு. அந்த இரண்டு மணி நேரமும் நின்றே பார்க்க ஐம்பது வயதில் முடிந்தது. இப்போது எனக்கு 67.

நான் ஆர்.எம்.எஸ். என்கிற ரயில் தபால் சேவையில் சார்ட்டராக இருந்தவன். ஓடுகிற வண்டியில், புறாக்கூடு மாதிரி அறை அறையாகத் தடுத்த தட்டுகளுக்கு முன்னால் நின்று, விடிய விடியக் கடிதம் பிரித்த ஆள். வண்டி எந்த வளைவில் எந்தப் பக்கம் சாயும் என்பது கால்களுக்கு மனப்பாடம். அன்றைக்கு உட்காராமல் நின்றதற்கெல்லாம் முழங்கால் இப்போது வட்டி கேட்கிறது.

கூட்டத்தில் மற்ற நால்வரையும் சொல்லாமல் ஸ்டூலைப் பற்றிச் சொன்னால் புரியாது. ஒரே ஸ்டூல் ஐந்து பேரிடம் ஐந்து விதமாக நடந்துகொண்டது.

ஃபிட்டர் அண்ணன் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்றவர். பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் பொன்மலைக்கு வந்த கதையை, மூட்டை முடிச்சோடு தானும் கூடவே வந்த மாதிரி சொல்வார். எதையும் கையில் எடுத்தால் முதலில் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். டீச்சர் கணக்கு எடுத்தவர். மீட்டர் கேஜ் காலத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து, 43 விநாடியில் எத்தனை 'டக்டக்' விழுகிறது என்று எண்ணி வேகம் சொல்வார். தண்டவாளத்தின் நீளம் 12 மீட்டர், ஆகவே எண்ணிக்கைதான் மணிக்கு இத்தனை கிலோமீட்டர். இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிட்டார்கள், 'டக்டக்' போய்விட்டது. அதற்காக ரயில்வே மேல் டீச்சருக்கு இன்னும் தீராத வருத்தம். மேனேஜர் வங்கியில் இருந்தவர், முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருக்கிறார், 94 கிலோ. ஐந்தாவது ஆள் மைக் செட். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி கட்டியவர், இப்போது எஞ்சின் சத்தங்களைப் பதிவுசெய்து சேர்க்கிறார். பெயர் வேறு இருக்கிறது, பத்திரிகையில் போட்டால் ஒழிய நாங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை.

முதல் நாள் மாலை, பிளாட்பாரக் கடைசியில், ஐந்து ஸ்டூலையும் வரிசையாக விரித்தோம். இதை நான் கௌரவமாகச் சொல்ல முடியாது. ஐந்து முதியவர்கள் பச்சை ஸ்டூலில் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், போகிறவர்கள் எல்லோரும் அந்தத் திசையில் என்ன இருக்கிறது என்று நின்று பார்க்கிறார்கள். ஒரு பையன் வந்து, "தாத்தா, இங்க ஷூட்டிங்கா?" என்றான். "ஆமா, கொஞ்ச நேரத்துல ஹீரோ வருவாரு, ஆறாயிரம் குதிரைசக்தி" என்றார் மேனேஜர். டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சின் உள்ளே வந்ததும் பையன் அதைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், அப்புறம் போய்விட்டான்.

உட்காருவது சுகம். அதை ஒப்புக்கொள்கிறேன். கேன்வாஸ் நடுவில் கொஞ்சம் தொய்ந்து பிடித்துக்கொள்கிறது. எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. ஷண்டிங்குக்குப் பழைய ஆல்கோ டீசல் ஒன்று வந்து பக்கத்தில் நின்றால், அதன் உறுமல் அலுமினியக் கால் வழியாக ஏறி இடுப்பு வரை வருகிறது. சிமெண்ட் பெஞ்சில் இது தெரியாது. மைக் செட் கண்ணை மூடிக்கொண்டு, "பேஸ் நல்லா இருக்கு" என்றார்.

எழுந்திருப்பதுதான் கஷ்டம். 40 சென்டிமீட்டர் என்பது தூண்டில் போடும் பையனுக்குச் சரி. எங்களுக்கு அது கிட்டத்தட்ட தரை. கைப்பிடி கிடையாது, முதுகுக்குச் சாய்வு கிடையாது. ஒருவர் எழுந்து நின்று அடுத்தவருக்குக் கை கொடுத்து, அவர் அதற்கடுத்தவருக்குக் கொடுத்து, கப்ளிங் மாட்டின மாதிரி வரிசையாக எழுகிறோம். முதல் ஆள் எப்படி எழுவது என்பதற்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. இப்போதைக்கு டீச்சர் யோகா செய்கிறவர் என்பதால் அவரே பைலட்.

இனி 120 கிலோ. ஒன்பதாவது நாள் மேனேஜரின் ஸ்டூல் உடைந்தது. ஆள் 94, காமிரா மூன்று, மொத்தம் 97. போட்மெயில் வருவதற்குச் சரியாக இரண்டு நிமிடம் முன்பு, குறுக்குக் கால்கள் சேரும் இடத்தில் ரிவிட் கழன்று, மேனேஜர் மெதுவாக, மிகுந்த மரியாதையோடு, தரைக்கு இறங்கினார். காமிராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்கு அடி படவில்லை. விழுந்த இடத்திலிருந்தே படம் எடுத்தார். எங்கள் கூட்டத்தில் இதுவரை எடுத்த படங்களில் அதுதான் நல்ல படம் என்பதால், தரையில் உட்கார்ந்தே எடுக்கலாமே, ஸ்டூல் எதற்கு என்று ஒரு வாரம் விவாதம் ஓடியது.

கம்பெனிக்குப் போன் செய்தோம். பெயர் வேண்டாம். எடுத்த பெண் மிகவும் மரியாதையாக, "சார், இதை உட்கார மட்டும்தான் பயன்படுத்துனீங்களா?" என்று கேட்டாள். மேனேஜர் வங்கியில் எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் இதே தொனியில் பேசியவர், ஆகவே கோபப்படவில்லை. "வேற எதுக்கும்மா பயன்படுத்தலாம், சொல்லு, செஞ்சு பாக்குறேன்" என்றார். புது ஸ்டூல் வந்து சேர 52 நாள் ஆயிற்று. ஃபிட்டர் அண்ணன் நாள்காட்டியில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "1964 புயல்ல பாம்பன் பாலத்தையே கடல் தூக்கிட்டுப் போச்சு. என்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாள்ல நிமிர்த்தி வண்டியை விட்டாரு. இவனுங்களுக்கு ஒரு ஸ்டூலுக்கு 52 நாளா?" அந்த 46 நாள் கதையை அவர் ஆயிரம் முறை சொல்லியிருப்பார், இந்த முறைதான் சரியான இடத்தில் உட்கார்ந்தது.

அந்த 52 நாளும் மேனேஜர் என் ஸ்டூலில் பாதி நேரம் உட்கார்ந்தார் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

மலை ரயிலுக்குக் கொண்டுபோனதுதான் பெரிய சோதனை. மேட்டுப்பாளையத்தில் முதல் நாள் இரவு தங்கினோம். காலை 7:10க்கு வண்டி. நீலகிரி மலை ரயிலில் மேலே போகும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். அதனால் மற்றவர்கள் முன் பெட்டிக்கு ஆசைப்படுவார்கள், எங்களுக்குக் கடைசிப் பெட்டி வேண்டும். பார்வைக்கு முன் பெட்டி, காதுக்குப் பின் பெட்டி. இது எங்கள் கட்சி. டீச்சர் மட்டும் முன் பெட்டிக்குப் போனார். அங்கே பிரேக்ஸ்மேன் பச்சைக் கொடி காட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமாம்.

பெட்டிக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிராக உட்கார வேண்டும். நாலு ஸ்டூலையும் மடக்கிக் காலுக்கிடையில் செருகிக்கொண்டோம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் சட்டம் ஆரம்பிக்கிறது. 12 அடி போனால் ஓர் அடி ஏறும் சரிவு. எஞ்சினில் நாலு சிலிண்டர். கீழே இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, மேலே இரண்டு பல் சக்கரங்களுக்கு. சமதளத்தில் கீழ் இரண்டு மட்டும். பல் சட்டம் வந்ததும், கீழே வேலை முடித்த நீராவியே மேலே போய் இன்னொரு முறை உழைக்கும். "பென்ஷன் வாங்கிட்டு மறுபடி வேலைக்குப் போற மாதிரி" என்றார் மேனேஜர். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் முதலில் செய்த ஜாதி எஞ்சின் இது. பிறகு பொன்மலையிலேயே புதிதாகச் செய்தார்கள். அதைச் சொல்லும்போது ஃபிட்டர் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நாங்களும் எதுவும் கேட்கவில்லை.

மைக் செட் கல்லாறிலிருந்து பதிவை ஆரம்பித்தார். யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு. எதிரே இருந்த குடும்பத்துக் குழந்தைகூட பயந்து வாயை மூடிக்கொண்டது.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. ஸ்டூல் வாங்கியதன் பலனை அடையும் நேரம் என்று இறங்கி விரித்தேன். டீ வாங்கத் திரும்பிய அரை நிமிடத்தில் என் ஸ்டூலில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. அதுவும் எஞ்சினைப் பார்த்தபடி. விரட்டினால் நகரவில்லை. மேனேஜர் படம் எடுத்தார். "இதையும் சேர்த்துக்குங்க, ஆறு பேராகிடும்" என்றார் டீச்சர், முன் பெட்டியிலிருந்து இறங்கி வந்து. விசில் ஊதிய பிறகுதான் அது எழுந்தது. யார் கையையும் பிடிக்காமல், ஒரே தாவலில். எங்களில் யாராலும் அப்படி எழ முடிந்ததில்லை.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசலை மாட்டினார்கள். மைக் செட் ரிக்கார்டரை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஊட்டி வரை தூங்கினார். உலகப் பாரம்பரியச் சின்னம், 2005இலிருந்து. அவருக்கு அதில் பாதிதான் கணக்கு.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் மைக் செட்டிடமிருந்து எனக்குப் போன். குரல் நடுங்கியது. "அண்ணே, அந்த எஞ்சின்ல அஞ்சாவதா ஒரு சத்தம் வருதுண்ணே." ஹெட்போன் போட்டு இரண்டு நாள் கேட்டாராம். தாளத்தோடு சேர்ந்தே, ஆனால் கொஞ்சம் தள்ளி, 'க்ரீச், க்ரீச்' என்று ஒன்று. நாலு சிலிண்டருக்கும் கணக்குச் சொல்லியாகிவிட்டது, இது எங்கிருந்து வருகிறது? பல் சக்கரத்தில் தேய்மானமாக இருக்கலாம், யாருக்காவது தகவல் சொல்ல வேண்டும் என்றார். ஐந்து பேரும் அவர் வீட்டில் கூடினோம். டீச்சர் கடிகாரத்தை வைத்து நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணினார். மேனேஜர் கல்லாறு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். நான் ஆர்.எம்.எஸ். அனுபவத்தில், பெட்டியின் ஸ்பிரிங்காக இருக்கும் என்று ஒரு கருத்து சொல்லிவைத்தேன்.

ஃபிட்டர் அண்ணன் ஒருமுறைதான் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி வைத்தார். மூலையில் சாய்த்திருந்த மைக் செட்டின் ஸ்டூலை எடுத்தார், மைக் செட்டின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் லேசாக அசைத்தார். க்ரீச்.

காலுக்கிடையில் செருகியிருந்த ஸ்டூல், வண்டி குலுங்கின குலுக்கலுக்குத் தாளம் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை. அந்தப் பதிவை அவர் அழிக்கவில்லை. 'அஞ்சு சிலிண்டர்' என்று பெயர் கொடுத்து வைத்திருக்கிறார். ஆகவே ரயில் சத்தம் பதிவுசெய்கிறவர்கள் இந்த ஸ்டூலை வாங்குவதாக இருந்தால், ரிவிட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள்.

பாம்பனுக்குப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே ஸ்டூலுக்குச் சாதகமாக ஒன்றுமில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே செங்குத்தாக மேலே தூக்கிக்கொள்ளும். அதைப் பார்க்கப் பக்கத்துச் சாலைப் பாலத்தில் நடந்தோம். உட்கார்ந்தால் பாலத்தின் கைப்பிடி கண்ணுக்கு நேராக வருகிறது. பாலமும் கடலும் பட்டை பட்டையாகத்தான் தெரிந்தன. எழுந்து நின்றால் ஸ்டூல் நிற்கவில்லை. ஒன்றேகால் கிலோ அலுமினியத்துக்கும் பாம்பன் காற்றுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. என்னுடையது இரண்டு முறை குட்டிக்கரணம் போட்டு ஒரு வேன் டிரைவரின் காலடியில் போய் நின்றது. பழைய பாலத்தில் வண்டி ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். "நம்ம ஸ்டூலுக்கு இருபதிலேயே சிவப்பு" என்றார் டீச்சர். வண்டி வந்தபோது ஐந்து பேரும் நின்றுதான் பார்த்தோம், ஸ்டூலை மிதித்துப் பிடித்துக்கொண்டு.

சரி, வாங்கலாமா என்று கேட்டால், பொன்மலைக்காரர் ஒருவரைத் தெரிந்திருந்தால் வாங்கலாம். பெட்டியில் வந்தபடியே பயன்படுத்தினால் ஐந்துக்கு இரண்டரைதான் கொடுப்பேன். மேனேஜர் விழுந்ததற்குப் பிறகு ஃபிட்டர் அண்ணன் எல்லா ஸ்டூலையும் வாங்கிக்கொண்டு போய், ரிவிட்டைத் தட்டி எடுத்துவிட்டு போல்ட்டும் நட்டும் வாஷரும் போட்டார். கால் நுனியில் இருந்த ரப்பர் குமிழ்கள் மண்ணில் புதைந்து ஒவ்வொன்றாகக் கழன்று போய்விட்டன. அந்த இடத்தில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினார். விரலைக் கடிக்கும் மடிப்பில் ஒரு துண்டுத் தோல். இதற்கெல்லாம் தலைக்கு 35 ரூபாய் சாமான் செலவு. கூலி கேட்டதற்கு அவர் எங்களைப் பார்த்த பார்வையை எழுதிக் காட்ட முடியாது. ஆனால் ஒரு விஷயத்தில் ஏமாற்றிவிட்டார். ரிவிட்டை மாற்றியவர் எண்ணெய் விட மறந்துவிட்டார், 'அஞ்சு சிலிண்டர்' அதனால்தான் என்று மைக் செட் இன்றுவரை சொல்கிறார். ஃபிட்டர் அண்ணன் அந்தப் பேச்சு வந்தால் டீ குடிக்கப் போய்விடுவார்.

இந்த வேலைக்குப் பிறகு மூன்றே முக்கால். பின் சாய்வு இருந்தால் நாலரை.

இன்னொன்று. ஸ்டூல்கள் திரும்பி வந்தபோது ஒவ்வொன்றின் காலிலும் வெள்ளைப் பெயிண்டில் பொடி எழுத்து இருந்தது. ரயில் பெட்டியின் ஓரத்தில் எழுதியிருப்பார்களே, அதே மாதிரி. 'பி.ஓ.எச். ஜி.ஓ.சி.' (பி.ஓ.எச். என்றால் குறித்த காலத்துக்கு ஒருமுறை செய்யும் முழுப் பராமரிப்பு, ஜி.ஓ.சி. என்றால் பொன்மலை), அதன் கீழே வேலை முடிந்த தேதி, அதற்கும் கீழே 'ரிட்டர்ன் டேட்' என்று அடுத்து பணிமனைக்கு வர வேண்டிய தேதி. வேடிக்கைக்கு எழுதியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

போன வியாழக்கிழமை காலை ஆறரைக்கு வாசலில் பெல். ஃபிட்டர் அண்ணன், கையில் பை. "உங்களோடது டேட் ஆச்சு, கொடுங்க" என்றார். என் மனைவி அதைச் சமயபுரத்துக் கோயில் வரிசைக்கு எடுத்துப் போகக் கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை வேண்டும், சனிக்கிழமை தருகிறேன் என்றேன். "ஓவர்டியூ வண்டியை லைன்ல விட முடியாதுங்க" என்று சொல்லி மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். உள்ளேயிருந்து அவள் கேட்டாள்: "ஒரு ஸ்டூலுக்கு எத்தனை நாளுங்க ஆகும்?"

46 நாளுக்குள் தருவார் என்று சொல்லியிருக்கிறேன்.